ஓவர்சியர் வீடும் சூப்பர்வைசர் வீடும்

ஓவர்சியருக்கும் சூப்பர்வைசருக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ள அகராதியைப் புரட்டாதீர்கள். நான் புரட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் ஒரே தமிழைத்தான் போட்டிருக்கிறான், மேற்பார்வையாளர் என்று. போட்டவன் பாவம். எங்கள் சட்ரஸடியில் ஒரு போகம் குடியிருந்திருந்தால் அப்படிப் போட்டிருக்க மாட்டான்.

சட்ரஸ் என்றால் என் வயதுத் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆற்றிலிருந்து வாய்க்கால்கள் பிரிகிற இடத்தில் இரும்புக் கதவு போட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்குகிற மதகு அது. எங்களுடையது திருவாரூருக்குக் கிழக்கே இருந்தது. அங்கே பிரிகிற வடக்கு வாய்க்கால் பண்ணையாரின் நிலங்களுக்குள் போகும். தெற்கு வாய்க்கால் வளைந்து வளைந்து வெகு தூரம் போய்க் கடைமடைத் தெருக்காரர்களின் வயலில் முடியும். மதகை ஒட்டி அரசாங்கம் கட்டிய இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்று சூப்பர்வைசருக்கு, இன்னொன்று ஓவர்சியரான என் அப்பாவுக்கு. நடுவில் ஒரு பூவரச மரம். பகலும் இரவும் தண்ணீர் விழுகிற இரைச்சல். அதிலேயே வளர்ந்ததால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உரத்த குரல். கல்யாணமாகிப் பட்டுக்கோட்டைக்குப் போனபோது மாமியார் என்னைச் சண்டைக்காரி என்று நினைத்ததற்கு அந்த மதகுதான் காரணம்.

அம்மாவைக் கேட்டால் வித்தியாசத்தை ஒரே மூச்சில் சொல்லுவாள். சூப்பர்வைசர் வீட்டுக்குள்ளேயே அடிபம்பு இருக்கிறது, நமக்கு வாசலுக்கு வெளியே. அங்கே கைப்பிடி வைத்த நாற்காலி, இங்கே முக்காலி. அங்கே மின்விசிறி, இங்கே பனை விசிறி. சூப்பர்வைசர் டிப்ளமோ படித்தவர், அப்பா அந்தப் படிப்புக்குப் போகவில்லை. "நாலு வருஷம் சேத்துப் படிச்சிருந்தா நானும் அந்த நாற்காலியில உக்காந்திருப்பேன்" என்பாள், படிக்க வேண்டியது அவளே என்பதுபோல.

அப்பாவின் உடுப்பு எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. காக்கி அரைக்கால் சட்டை, தக்கைத் தொப்பி, காய்ந்த களிமண், வியர்வை. தோளில் நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியைச் சுருட்டிப் போட்டிருப்பார். பித்தளை வில்லைகள் கோத்த சங்கிலி, நடந்தால் கிலுகிலு என்று சத்தம் வரும். அந்தச் சங்கிலி பிற்பாடு எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ. விடிந்தால் கரையில் ஏறிவிடுவார். எங்கே எலி வளை தோண்டியிருக்கிறது, எங்கே நண்டு துளைத்திருக்கிறது, எந்த இடத்தில் மாடு இறங்கி மண் சரிந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போவார். ஒரு நல்லது பொல்லாதுக்குப் போன இடத்தில்கூட அந்த ஊர்க் கரையில் வளை தெரிந்தால் நின்றுவிடுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

சூப்பர்வைசரோ வெள்ளை முழுக்கால் சட்டை. சேற்றில் கால் வைத்து யாரும் பார்த்ததில்லை. மதகின் மேல் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். பூவரச இலை ஒன்றைக் கிள்ளி வாய்க்காலில் போட்டு, அது போகிற வேகத்தைப் பார்ப்பார். அப்புறம் இன்னொன்று. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு இலை விட்டு விளையாடுகிறாரே என்று நான் நினைத்தேன். பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மதகுக் கதவை முழ நீள இரும்புச் சாவி போட்டுத் திருகி ஏற்றுகிற லஸ்கர் ஒருவர் இருந்தார். அவர் சொல்லுகிற வித்தியாசம் இன்னும் சுருக்கம். "கரை ஒடஞ்சா ஓவர்சியர் வீடு, தண்ணி வரலன்னா சூப்பர்வைசர் வீடு. மாத்திப் போயி கதவைத் தட்டிடாதீங்க" என்று புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டுவார்.

ஆட்சி மாறி, ஆபீஸ் பலகையெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மதகில் முன்பு இருந்த பழைய மரக்கதவை அறுத்து, அந்தப் பலகைகளில்தான் எழுதினார்கள். கனமென்றால் அப்படிக் கனம், இரண்டு ஆள் தூக்க வேண்டும். பெயிண்டர் இரண்டு வீட்டு வாசலிலும் நட்டுவிட்டுப் போனார். இரண்டிலும் மேற்பார்வையாளர் என்றே இருந்தது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். பக்கத்து வீட்டு மாமி, சூப்பர்வைசர் சம்சாரம், அன்றிலிருந்து எங்களோடு பேச்சை நிறுத்திவிட்டார். உறை மோர்கூட வேலி தாண்டி வரவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் எப்போதும்போல் பூவரச நிழலில் நின்று பேசிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பலகையைப் படிக்கவே நேரமில்லை.

அந்த வருஷம்தான் கடைமடைத் தெருக்காரர்களுக்கு நில உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த நிலம் பட்டாவாகிக் கைக்கு வந்திருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையார் வயலில் நட்டவர்கள் முதல்முறையாகத் தங்கள் வயலில் நட்டார்கள். அதே சமயம் விவசாயத் தொழிலாளர் சங்கம் கூலி கூட்டிக் கேட்டது. பண்ணையார் தரமாட்டேன் என்றார். பெண்கள் அவர் நடவுக்கு இறங்கவில்லை, அவருடைய நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தும் மழையில்லை. ஆற்றில் வந்த கொஞ்சத் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள், சில நாள் வடக்குக்கு, சில நாள் தெற்குக்கு. கடைமடையில் நட்ட பயிர் பச்சை பிடிக்கிற நேரம். தெற்கு முறை தவறினால் பயிர் போய்விடும். பயிர் போனால் அந்தத் தெரு முழுதும் பண்ணையார் களத்தில் போய், அவர் கொடுக்கிற கூலிக்கு நிற்க வேண்டியதுதான். இது எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. பண்ணையாருக்குத் தெரியாமல் இருக்குமா?

கடைமடையிலிருந்து சங்கத்து அக்கா ஒருத்தி தினமும் காலையில் மதகுக்கு நடந்து வருவாள். மெலிந்த, உயரமான பெண். தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பாள், அப்பாவைப் பார்த்து "வர்றேன்யா" என்பாள், திரும்பிப் போவாள். அவளை அப்பா "வாங்கம்மா" என்று கூப்பிடுவார். அந்தக் காலத்தில் அந்தத் தெருப் பெண்ணை ஒரு சர்க்கார் ஆள் 'ங்க' போட்டுக் கூப்பிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். அவளும் பண்ணையாரை ஆண்டை என்று சொல்வதை விட்டிருந்தாள்.

தெற்கு முறை வர ஒரு நாள் இருக்கும்போது, சூப்பர்வைசரைத் தஞ்சாவூருக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. பெரிய இன்ஜினீயர் கூப்பிடுகிறாராம். அவர் பஸ் ஏறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பண்ணையாரின் கார் எங்கள் வாசலில் நின்றது. ஒரு தார் பூவன்பழம் இறங்கியது.

"என்ன ஓவர்சியர், சூப்பர்வைசர் ஊர்ல இல்லியாமே?"

"தஞ்சாவூர் போயிருக்காருங்க."

"அப்ப நீங்கதான் எல்லாம். வடக்கு மதகை இன்னும் ரெண்டு சுத்து ஏத்தச் சொல்லுங்க."

"அது நான் செய்யக்கூடாதுங்க. தண்ணி அவர் பொறுப்பு. என் பொறுப்பு கரை."

"வாசல்ல ரெண்டும் ஒண்ணுதானே போட்டிருக்கு?"

"அது பெயிண்டர் எழுதினதுங்க."

பண்ணையார் கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "ரொம்ப நல்லது. யாரு வந்து கேட்டாலும் இதையே சொல்லணும், என்ன?" என்று தட்டிக்கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். அப்பா பழத்தாரையும் அவர் கூடவே ஏற்றி அனுப்பினார். அம்மாவின் கண் கார் மறையும்வரை அந்தத் தாரிலேயே இருந்தது.

மறுநாள் விடிந்ததும் அக்கா வந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பேர்.

"ஐயா, இன்னியிலேருந்து எங்க முறை."

"தெரியும்மா. சூப்பர்வைசர் வந்துரட்டும்."

"வடக்கு இன்னும் ஓடுதே. சாவி பக்கத்து வீட்டுலதான் தொங்குது. நீங்க ஒரு தலைய ஆட்டுங்க, நாங்களே திருகிக்கிறோம்."

"என்னால முடியாதும்மா. தண்ணி என் பொறுப்பு இல்ல."

அவள் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். "நேத்து கார்ல வந்தவரு சொல்லிக் குடுத்துட்டுப் போனதை அப்படியே ஒப்பிக்கிறீங்க" என்றாள். அவள் மடியிலிருந்து ஒரு பிடி பயிரை எடுத்தாள். வேரோடு பிடுங்கியது, நுனியெல்லாம் பழுத்துச் சுருண்டிருந்தது. அதை எங்கள் பலகைக்குக் கீழே போட்டாள். "இதையும் நீங்களே மேற்பார்வை பாருங்க. நட்ட கையோட நாங்க மறுபடி அவரு களத்துல போயி நிக்கிறோம்."

அவர்கள் போன பிறகு அம்மா வாசலுக்கு வந்தாள். பலகை வந்ததிலிருந்து அவளை அப்படி நான் பார்த்ததில்லை. "ஒரு பொம்பள வாய்விட்டுக் கேட்டுட்டு வெறுங்கையோட போறா. அந்தச் சாவி என்ன பாம்பா, தொட்டாக் கடிக்குதா உங்களை?"

"தொட்டாக் கடிக்கும்" என்றார் அப்பா. குனிந்து அந்தப் பயிரைப் பொறுக்கினார். மண் உதிராமல் துண்டில் சுற்றினார். லஸ்கரைக் கூப்பிட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார். பிறகு கரையில் ஏறி, தெற்கு வாய்க்கால் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீரே இல்லாத வாய்க்காலின் கரையை என்ன பார்க்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் கடைமடைத் தெருப் பிள்ளைகள் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் அன்றைக்கு அப்பாவோடு சாப்பிடவில்லை. அவர் என்னைத் தேடியதாகவும் தெரியவில்லை, சாயங்காலம் வரை களிமண் அடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியான பஸ்ஸில் சூப்பர்வைசர் வந்து இறங்கினார். கூட லஸ்கர். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. "சாவி" என்று குரல் கொடுத்தார். மாமி அரிசித் தவலைக்குள் கையைவிட்டு அதை எடுத்துக்கொண்டு வந்தார். பண்ணையாரின் ஆள் காலையிலேயே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தானாம். மாமி ஆணியில் தொங்கியதை அரிசிக்குள் புதைத்துவிட்டு, வீட்டுக்காரர் எடுத்துப் போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறார். நல்ல கெட்டிக்காரி. வடக்கு இறங்கியது, தெற்கு ஏறியது. வாய்க்காலில் தண்ணீர் பாம்புபோல் நெளிந்து ஓடியது.

நடந்தது என்னவென்று அப்புறம்தான் வெளியில் வந்தது. சூப்பர்வைசர் இல்லாத சமயம் பார்த்து ஓவர்சியர் சங்கத்தாருக்கு மதகைத் திறந்துவிடுகிறார் என்று பண்ணையார் முன்கூட்டியே தஞ்சாவூரில் புகார் கொடுத்திருக்கிறார். பெரிய இன்ஜினீயர் அதை விசாரிக்கத்தான் சூப்பர்வைசரை உட்கார்த்தி வைத்திருக்கிறார். அப்பா சாவியைத் தொடாவிட்டால் தெற்கு முறை தானாகத் தவறும், தொட்டிருந்தால் புகார் உண்மையாகியிருக்கும். தகராறு நடக்கிற இடம் என்று சொல்லி மதகைப் பூட்டிப் போலீசை நிறுத்தியிருப்பார்கள், முறை அதோடு போயிருக்கும். விசாரணை நடக்கும்போது லஸ்கர் தஞ்சாவூர் ஆபீசுக்குள் போய், அப்பா கொடுத்தனுப்பிய துண்டை மேஜைமேல் அவிழ்த்திருக்கிறார். "தொறந்து விட்டிருந்தா இது ஏங்க இப்படி இருக்குது?" என்று கேட்டாராம். பெரிய இன்ஜினீயர் டெல்டாவிலேயே பிறந்தவர்போல. பயிரைத் தடவிப் பார்த்துவிட்டு, "போங்க, தவறின நாளை வடக்குல கழிச்சு இவங்களுக்குக் குடுங்க" என்று அனுப்பிவிட்டார். இதைக் கேட்டதும் எனக்கு அப்பாவிடம் ஓட வேண்டும்போல் இருந்தது. அவர் வழக்கம்போல் கரையில் இருந்தார்.

மறுநாள் உச்சி வெயிலில் அலறிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். தெற்குக் கரை உடைப்பெடுத்துவிட்டது. உடைந்த இடத்துக்குக் கீழே வடிகால். கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீர் முழுதும் அதில் விழுந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எலி வளையில்லை, நண்டு வளையில்லை. அந்தக் கரையில் அப்பா நேற்று முன்தினம்தான் வளைகளையெல்லாம் அடைத்திருந்தார். யாரோ மண்வெட்டியால் வெட்டியிருந்தார்கள்.

அந்தக் கணம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அப்பாவும் சூப்பர்வைசரும் பூவரச நிழலில்தான் நின்றார்கள். செய்தி காதில் விழுந்ததும் ஒருவரை ஒருவர் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா உடைப்பைப் பார்த்து ஓடினார். சூப்பர்வைசர் நேர் எதிர்ப் பக்கம் ஓடினார். லஸ்கரும் அலறல் கேட்டுக் கூடியவர்களும் அப்பா பின்னால் போனார்கள். "வெள்ளக் காலு சட்ட ஓடிப் பதுங்குது பாரு" என்று யாரோ ஏசியதை நான் கேட்டேன். நானும் மனசுக்குள் ஏசினேன்.

உடைப்புக்கு நானும் போனேன். அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றார். தெரு மொத்தமும் வந்திருந்தது, அக்கா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மூங்கில் முளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முளை இறங்கியது, ஆனால் வைக்கோலும் மண்ணும் போடப்போட அடித்துக்கொண்டு போனது. "பலகை வேணும், கனமா" என்று அப்பா கத்தினார். எங்களுக்கு வாய்த்த குரல் அன்றைக்குத்தான் உதவியது. நான் வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவிடம் சொல்லி முடிக்கவில்லை, அவள் கடப்பாரையை எடுத்துவிட்டாள். கதவைத்தான் கழற்றப்போகிறாள் என்று நினைத்தேன். நேரே வாசலுக்குப் போய் மேற்பார்வையாளர் பலகையின் அடியில் கடப்பாரையைப் போட்டு நெம்பினாள். பலகை சாய்ந்தது. ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. வேலிக்கு அந்தப்புறம் மாமி பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் வேலியைத் தாண்டி வந்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க" என்றாள் அம்மா, பல நாளுக்குப் பிறகு.

"கடப்பாரையை முதல்ல இப்படிக் குடுங்க" என்றார் மாமி. "எங்க வீட்டுதும் இருக்குல்ல."

ஒரு பலகையை இவர்கள் இருவரும் தலையில் வைத்துக்கொண்டு போக, மற்றதைப் பலகை தேடி ஓடி வந்த கடைமடைப் பெண்கள் தூக்கிக்கொண்டார்கள். நான் பின்னால் கடப்பாரையைச் சுமந்தேன். மதகுப் பலகை அல்லவா, தண்ணீருக்கென்றே செய்தது. முளைகளுக்கு முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினார்கள். எழுத்து முதலில் முங்கியது. அதே நேரத்தில் தண்ணீரின் வேகமும் தணிந்துகொண்டே வந்தது. பலகையின் சாமர்த்தியம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "போடு மண்ணை" என்றார் அப்பா. "அவரு இறக்கிட்டாரு. போடு, போடு." எனக்கு அப்போது புரியவில்லை.

அடைப்பு பிடித்துக் கரை கட்டிக் கொஞ்ச நேரத்தில், வாய்க்காலில் தண்ணீர் மறுபடி மெல்ல ஏறி, கடைமடைப் பக்கமாக நகர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். வெயில் தாழும்போது கரையில் ஒருவர் நடந்து வந்தார். வெள்ளைக் கால்சட்டை முழுக்கத் துருவும் கிரீசும். தோளில் இரும்புச் சாவி. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. லஸ்கர் இங்கே இருந்ததால் மதகை அவரே தனியாகத் திருகியிருக்கிறார். முழுக்க மூடினால் முறை போய்விடும், அப்படியே விட்டால் உடைப்பு அடைபடாது. இடையில் எவ்வளவு என்பதற்கு அங்கே நின்று இலை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இலை ஓடாம நின்னுச்சு. அடைப்பு பிடிச்சிருச்சுன்னு தெரிஞ்சுது. திரும்ப ஏத்தினேன்" என்றார் அப்பாவிடம்.

"சரியான நேரத்துலதான் இறக்குனீங்க" என்றார் அப்பா.

அக்கா முன்னால் வந்தாள். "நீங்க பயந்து ஓடிட்டீங்கன்னு ஏசிட்டோம்யா. இவரையும் முந்தாநாள் ஏசினேன்."

"உடைப்புல அவர் இருக்காரும்மா. நானும் இங்க வந்துட்டா தண்ணியை யார் பாக்கறது?" என்றார் சூப்பர்வைசர். இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குத் தெரிந்து அந்த இரண்டு வேலைகளின் வித்தியாசத்தை இதைவிட நன்றாக யாரும் சொன்னதில்லை. இரண்டு பேரையும் நினைத்தால் இப்போதும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தப் போகம் கடைமடை விளைந்தது. அறுத்த புதுநெல்லில் இரண்டு மரக்கால் கொண்டுவந்து, ஆளுக்கொன்றாக இரண்டு வீட்டு வாசலிலும் அக்கா வைத்துவிட்டுப் போனாள். பண்ணையார் வீட்டுக் கூலியும் தை பிறப்பதற்குள் கூடியது. வேலி தாண்டி உறை மோர் மறுபடி வந்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பெரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். வாசலில் இரண்டு குழியைப் பார்த்துவிட்டு, சர்க்கார் பலகை இரண்டும் எங்கே என்று விறைப்பாகக் கேட்டார். அப்பா கரையில் இருந்தார், சூப்பர்வைசர் மதகில் இருந்தார். அம்மாதான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"தெக்கு வாய்க்கால் கரையில இருக்குங்க" என்றாள். "ரெண்டும் டூட்டியில இருக்கு."